ஜன்னல் பக்கத் தோள்

சலூன்காரர் மேஜை மேல் ஒரு சீப்பை வைத்தார். பிறகு வலது கையால் அதை எடுத்துத் தூக்கிக் காட்டினார். கை மார்பு வரை வந்தது. அங்கே யாரோ ஆணி அடித்து நிறுத்தியது போல நின்றுவிட்டது.

"இவ்வளவுதான். எட்டு மாசமா இவ்வளவுதான்" என்றார்.

அந்த மாடி அறையில் பெயர்ப்பலகை ஒன்றுதான் பெரிது. மற்றபடி ஒரு மேஜை, மூன்று நாற்காலி, கீழே நகல் எடுக்கும் கடையிலிருந்து ஓயாமல் வரும் இயந்திரச் சத்தம். துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே உதவியாளன் அவள் கணவனின் தம்பி. வாயால் மூன்று வேலைகளை இழந்தவன். அவனை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு அவள் அண்ணி. வாடிக்கையாளர்களும் நாளடைவில் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

சலூன்காரர் இடக்கைப் பழக்கக்காரர். இடது கையில் கத்தரி, வலது கையில் சீப்பு. சீப்பு பிடிக்கும் கை மேலே போகாவிட்டால் கத்தரிக்கு வேலை இல்லை. எட்டு மாதமாக அவர் தாடி மட்டும்தான் எடுக்கிறார். தலைமுடி எல்லாம் அடுத்த தெரு சலூனுக்குப் போய்விட்டது. வருஷம் முடிவதற்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் தோள் பிழைக்கும், தள்ளிப்போட்டால் இப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இழப்பீடு வந்தால்தான் சிகிச்சை.

காரணம் ஒரு தடுப்பூசி. தெருவில் உள்ள கடைக்காரர்களுக்கு இவர் சலூனிலேயே முகாம் போட்டார்கள். அன்றைக்கு இவர் வேலைக் கோட்டுப் போட்டிருந்தார். கை இறுக்கமான கோட்டு, சுருட்ட முடியவில்லை. கழுத்துப் பக்கமாக இழுத்துத் தோளை மட்டும் வெளியே காட்டினார். வெளியே தெரிந்த இடத்தில் நர்ஸ் குத்தினாள். போட வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் மேலே. மருந்து சதைக்குள் போகாமல் மூட்டுக்குள் போய்விட்டது. அன்று ராத்திரியே வலி. அந்த நர்ஸ் இப்போது கடல் தாண்டி எங்கேயோ வேலையில் இருக்கிறாள். கடிதம் போட்டால் திரும்பி வருகிறது.

இதையெல்லாம் இழப்பீட்டு அலுவலகம் ஒப்புக்கொண்டது. ஒன்றே ஒன்றைத் தவிர. அந்தக் கடிதத்தை ரேடியோ உரக்கப் படித்தான். ஊசி போடப்பட்டது இடது கையில் என்று முகாமின் பதிவேடு கூறுகிறது, வலி வலது தோளில், ஆகவே தொடர்பில்லை. முறையீட்டுக்குக் கடைசி நாள் இன்று. அலுவலகம் மூடும் நேரம் ஐந்து மணி.

"வியாதி வழி தெரியாம எதிர்வீட்டுக்குப் போயிடுச்சுன்னு சொல்றாங்க" என்றான் ரேடியோ.

அண்ணி பென்சிலை ஊதினாள். "எந்தக் கையில போட்டாங்க? நீங்களே சொல்லுங்க."

"ஜன்னல் பக்கக் கையிலம்மா."

"உங்க உடம்புல ஜன்னல் வேற இருக்கா?" என்றான் ரேடியோ.

சலூன்காரர் சிரிக்கவில்லை. வலது கையைத் தொட்டுக் காட்டினார். சலூனில் யாரும் இடது, வலது என்று பேச மாட்டார்களாம். ஜன்னல் பக்கம், சுவர்ப் பக்கம் என்றுதான் சொல்வார்களாம். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் முதல் பாடமே அதுதானாம். ஏன் அப்படி என்று ரேடியோ கேட்டான். ஏனென்று அவர் யோசித்ததே இல்லை. அப்பா அப்படிப் பேசினார், இவரும் பேசுகிறார். அண்ணி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எதற்கு எழுதுகிறாள் என்று ரேடியோவுக்கு விளங்கவில்லை. அவள் எழுதுகிற பாதி விஷயம் அவனுக்கு விளங்குவதில்லை, மீதிப் பாதி விளங்கும்போது வழக்கு முடிந்திருக்கும்.

சலூன்காரர் பதிவேட்டின் நகலையும் கொண்டுவந்திருந்தார். முகாமில் ஊசி போட்டுக்கொண்ட இருபத்துமூன்று பேர். பெயர், தொழில், எந்தக் கை. ரேடியோ செய்தி வாசிப்பவன் குரலில் தொழிலையும் கையையும் மட்டும் வாசித்துக்கொண்டு போனான். மருந்துக் கடை, வலது. செருப்புக் கடை, வலது. சாவி வெட்டுபவர், வலது. தையல், வலது. வண்டி நிறுத்துமிடம், வலது. அச்சகம், வலது. கடைசி வரை வலதுதான். பன்னிரண்டாவது வரியில் சலூன் மட்டும் இடது.

"இருபத்திரண்டு பேர் ஒரு பக்கம், நீங்க மட்டும் ஒரு பக்கம். தெருவுல ஏதாவது சண்டையா?"

"உங்க தெருவுல இடக்கைக்காரங்க எத்தனை பேர்?" என்று அண்ணி கேட்டாள்.

"நான் ஒருத்தன்தாம்மா."

அண்ணி பென்சிலைக் கீழே வைத்தாள். "ஊசின்னா ரெண்டு நாள் வலிக்கும். வேலை செய்யற கையை யாரும் நீட்ட மாட்டாங்க, சும்மா இருக்கற கையைத்தான் நீட்டுவாங்க. இந்தப் பதிவேட்டுப்படி இருபத்துமூணு பேரும் வேலை செய்யற கையை நீட்டியிருக்காங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம."

"தெரு முழுக்க ஒரே நாள்ல புத்தி கெட்டுப்போச்சா?"

"இல்ல, பதிவேடு கெட்டுப்போச்சு. ஸ்கூட்டரை எடு."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கடைத்தெருவுக்குள் வண்டி விடமாட்டார்கள். தெருமுனை நிறுத்துமிடத்தில் காவலாளி மழைக்கோட்டைத் தோளில் போர்த்திக்கொண்டு, வாயில் விசிலோடு நின்றிருந்தார். விசிலைத் துப்பிவிட்டு, சீட்டுக் கட்டைப் பல்லால் கிழித்து ஒரு சீட்டை நீட்டினார். சீட்டு ஈரமாக இருந்தது.

"கடிச்ச சீட்டுக்குக் கட்டணத்துல ஏதாவது தள்ளுபடி உண்டாண்ணே?" என்று ரேடியோ கேட்டான்.

"கடிக்காத சீட்டு வேணும்னா வண்டியை வீட்டுல நிறுத்துங்க தம்பி" என்றார் காவலாளி.

தனக்குச் சரியான ஆள் என்று ரேடியோ நினைத்துக்கொண்டான்.

கடை கடையாக ஏறி இறங்கினார்கள். பதினான்கு பேர் இடது கை என்றார்கள். மூன்று பேருக்கு ஞாபகமில்லை. மருந்துக் கடைக்காரர் தனக்கு இரண்டு கையிலும் போட்டார்கள் என்று சத்தியம் செய்தார். மற்றவர்கள் கடையில் இல்லை. இதில் எதுவும் உதவாது என்று அண்ணிக்குத் தெரியும். எட்டு மாதம் கழித்து ஒருவன் ஞாபகமாகச் சொல்வதை எந்த அலுவலகமும் காகிதத்துக்கு மேலே வைக்காது.

காகிதத்தை எழுதிய எழுத்தர் அம்மாள் தெருவின் மறுகோடியில், சுகாதார நிலையத்தில் இருந்தார். ஐம்பது வயது. மூக்குநுனியில் கண்ணாடி. மேஜை மேல் பதிவேடு, பேனா, தண்ணீர்ப் பாட்டில் மூன்றும் அளவெடுத்து வைத்தது போல இருந்தன. பதினோரு வருஷமாக இந்த நாற்காலி. தன் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் காட்டினால் வேலையை விட்டுவிடுவதாக அவரே முன்வந்து சொன்னார்.

ரேடியோ சுற்றி வளைக்கவில்லை. "முந்தின நாளே உட்கார்ந்து வலது, வலது, வலதுன்னு எழுதி வச்சிட்டீங்களாம்மா? வேலை சுளுவா முடியும்னு?"

அந்த அம்மாள் அலமாரியைத் திறந்தார். மூலப் பதிவேட்டை எடுத்துப் பிரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒன்பதாவது ஆளின் பெயர் நீல மையில் தொடங்கிப் பாதியில் மங்கி, கறுப்பு மையில் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் கறுப்பு.

"நடுவுல பேனா தீர்ந்துபோச்சு. ஒன்பதாவது ஆள் நாற்காலியில உட்கார்ந்திருந்தார், அவர் பையிலிருந்த பேனாவைத்தான் வாங்கி எழுதினேன். முன்கூட்டி எழுதறவ ஊசி போட வந்தவர்கிட்ட எப்படிப் பேனா வாங்குவா?" என்றார். "ஒவ்வொருத்தருக்கும் ஊசி உள்ள போறதைப் பார்த்தேன். பார்த்ததை எழுதினேன்."

ரேடியோ வாயை மூடிக்கொண்டது அந்த மாதத்தில் அதுவே முதல் தடவை.

அதற்குள் ஒருவர் ஊசி போட்டுக்கொள்ள வந்து மேஜைக்கு எதிரே, அந்த அம்மாளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இன்னொரு நர்ஸ் வந்து ஊசி போட்டாள். அம்மாள் அரைக் கண் தூக்கிப் பார்த்து 'இடது' என்று எழுதிவிட்டார். ரேடியோவுக்கு அது இடதா என்று சந்தேகம். அந்த ஆள் உட்கார்ந்த மாதிரியே தானும் திரும்பி நின்று, தன் கையைத் தடவிப் பார்த்து, இடதுதான் என்று முடிவு கட்டினான். அதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எதிர்ல உட்கார்ந்தவர் கை எதுன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அண்ணி கேட்டாள்.

"என்ன கேள்வி இது? எனக்கு வலப்பக்கம் தெரிஞ்சா அவருக்கு இடது. யோசிச்சா எழுதறாங்க?"

அண்ணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அம்மாள் பொய் சொல்லவில்லை, பதிவேடு மட்டும் பொய் சொல்கிறது, இது எப்படி என்று ரேடியோ தெரு நெடுக ஒலிபரப்பிக்கொண்டே வந்தான்.

நிறுத்துமிடத்தில் தூறல் விட்டிருந்தது. காவலாளி மழைக்கோட்டைக் கழற்றிக் கம்பியில் காயப்போட்டிருந்தார். சட்டையின் வலது கை முழங்கைக்கு மேலே மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. உள்ளே கை இல்லை.

ரேடியோ சீட்டை நீட்டப் போனவன் அப்படியே நின்றான். நகலை எடுத்து ஐந்தாவது வரியைப் பார்த்தான். வண்டி நிறுத்துமிடம், வலது. அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சலூன்ல நடந்த முகாம்ல நீங்களும் ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேனே."

"எந்தக் கையில?"

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு அந்தக் குழப்பம் இல்ல தம்பி. இயந்திரம் இருபது வருஷம் முன்னாடியே தீர்த்து வச்சிருச்சு."

மூன்று மணிக்கு இழப்பீட்டு அலுவலகத்தில் நான்கு பேர் நின்றார்கள். அண்ணி, ரேடியோ, சலூன்காரர், காவலாளி. அதிகாரி ஒல்லியான, மரியாதையான மனிதர். குரல் உயராது. காவலாளியின் சட்டையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், மறுபடி சட்டையைப் பார்த்தார். பதிவேடு தவறு என்று ஒப்புக்கொண்டார். ரேடியோ சலூன்காரரின் நல்ல தோளைத் தட்டினான்.

"ஆனா ஒண்ணு" என்றார் அதிகாரி. "இந்தப் பதிவேடு தப்புன்னா இதை நான் தூக்கிப் போடணும். தூக்கிப் போட்டா இவருக்கு இடது கையில போட்டதுக்கு ஆதாரம் இல்ல, சரி. வலது கையில போட்டதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

ரேடியோ தட்டிய கையைத் தோளிலிருந்து எடுத்தான்.

பொய்யான பதிவேடு யாருக்கும் சாட்சி சொல்லாது என்று அவர் மென்மையாகவே விளக்கினார். அதோடு இல்லாத கையில் ஊசி போட்டதாக எழுதிய எழுத்தர் மேல் விசாரணைக்குப் பரிந்துரைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். ஐந்து மணி வரை இருப்பேன் என்று கடிகாரத்தைக் காட்டினார்.

வெளியே படியில் இறங்கி நின்றார்கள். ஒரு தோளைத் தூக்கிவிட வந்தவர்கள் இன்னொருத்தியின் பதினோரு வருஷத்தை ஒடித்துவிட்டுப் போகிறார்கள். சலூன்காரர் அழவில்லை, திட்டவில்லை. கடையைத் திறக்கணும், தாடிக்கு ஒருத்தர் வரேன்னு சொன்னார், என்றார். அதுதான் தாங்க முடியவில்லை.

"கடைக்கே போகலாம்" என்றாள் அண்ணி. "முகாம் நடந்த இடத்தைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்துட்டோம்."

நீளமான ஒரே அறை. முன்சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. அதைப் பார்த்தபடி மூன்று சுழல் நாற்காலிகள். உயர்ந்த முதுகு, கை வைக்கத் தடித்த திண்டு. பின்சுவரை ஒட்டி, காத்திருப்பவர்களுக்கான பெஞ்சு. நாற்காலியில் உட்கார்ந்தால் வலப்பக்கம் தெரு ஜன்னல், இடப்பக்கம் சுவர். எழுத்தரம்மா அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி கேட்டாள். சலூன்காரர் பெஞ்சைக் காட்டினார். மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு அங்கேதான்.

அண்ணி போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நாற்காலி முதுகையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து காலையில் எழுதிய வரியைப் படித்தாள்.

"சலூன்ல ஏன் இடது வலதுன்னு பேசறதில்லன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். "ரேடியோ, நீ இங்க வந்து உட்காரு."

சலூன்காரரை நடு நாற்காலியில் உட்காரவைத்து, அவர் பக்கத்தில் நின்று ஒரு சீப்பைத் தோளில் வைத்தாள். எந்தக் கை என்று கேட்டாள். நாற்காலி முதுகு மறைத்தது. ரேடியோ கண்ணாடியைப் பார்த்து வலது என்றான். சரியான பதில்.

"அப்ப தப்பு எங்கே அண்ணி?"

"தப்பு பண்ண உனக்குத் தகுதி பத்தாது கொழுந்தனாரே. அதுக்குப் பதினோரு வருஷ அனுபவம் வேணும். ஓடிப்போய் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வா."

அந்த அம்மாள் சும்மா வந்துவிடவில்லை. விசாரணை என்ற சொல்லை ரேடியோ அவசரத்தில் உளறிவிட்டதால்தான் வந்தார். பதிவேட்டைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் தெரு நீளம் நடந்தார். அண்ணி அவரை பெஞ்சில் உட்காரவைத்து, முகாம் நாளில் செய்ததையே இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ரேடியோ நர்ஸ் ஆனான். சீப்பு ஊசி ஆனது. சலூன்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோவின் முதுகும் நாற்காலியின் முதுகும் சேர்ந்து மறைக்க, பெஞ்சில் இருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் மட்டும்தான் சலூன்காரர் தெரிந்தார். அம்மாளைப் பார்த்தபடி, எதிரே உட்கார்ந்தவர் போல.

"எழுதுங்க" என்றாள் அண்ணி.

அம்மாள் அரைக் கண் தூக்கினார். துண்டுக் காகிதத்தில் 'இடது' என்று எழுதினார்.

"ரேடியோ, கையை எடுக்காதே." அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்து அரைவட்டம் சுழற்றினாள். ரேடியோ சீப்போடு கூடவே சுற்றி வந்தான். சலூன்காரர் இப்போது அம்மாளுக்கு நேர் எதிரே, நிஜமாகவே எதிரே, உட்கார்ந்திருந்தார். சீப்பு அவர் வலது தோளில் இருந்தது.

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை திருப்புங்க."

இன்னொரு தடவை திருப்பினார்கள். பிறகு அவரே எழுந்து வந்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

எதிரே உட்கார்ந்தவரின் கையை மாற்றி எழுதிப் பழகிய கண், கண்ணாடிக்குள் இருந்தவரையும் எதிரே இருக்கிறவர் என்று நம்பிவிட்டது. பழக்கமில்லாதவன் அங்கே உட்கார்ந்திருந்தால் பார்த்ததை அப்படியே எழுதியிருப்பான், சரியாக இருந்திருக்கும். இருபத்திரண்டு இடது கைகள் வலதாயின. ஒரே ஒரு வலது கை இடதாயிற்று. பதிவேட்டில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, ஒவ்வொன்றையும் திருப்பிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள் அண்ணி. காவலாளியின் வரி உட்பட.

"நீங்க அசட்டையா எழுதியிருந்தா ஒண்ணு ரெண்டு தற்செயலா சரியா வந்திருக்கும்மா" என்றாள். "இருபத்துமூணும் தப்பா வரணும்னா இருபத்துமூணு தடவையும் கவனமா பார்த்திருக்கணும்."

அந்த அம்மாள் பெஞ்சிலிருந்து பதிவேட்டை எடுத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே கால்.

"சிவப்பு மை இருக்கா?" என்று கேட்டார்.

அச்சகத்தில் இருந்தது.

அதிகாரியின் மேஜையில் அந்த அம்மாள் பழைய சொல்லை அடித்தார், மேலே எழுதினார், ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். இருபத்துமூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பேனா கொஞ்சம் நின்று பிறகுதான் இறங்கியது. கடைசியில் காரணம் எழுதும் இடத்தில், கண்ணாடி வழியாகப் பார்த்துப் பதிந்தது என் பிழை என்று எழுதி முழுக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி எல்லாவற்றையும் படித்தார். காவலாளியின் வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். விசாரணைப் பரிந்துரைக் காகிதத்தை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். முறையீடு ஏற்கப்பட்டது என்ற முத்திரையை எடுத்து மையில் அழுத்தினார்.

குத்துவதற்கு முன் படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. பாதிக்கப்பட்ட தோள் எது? அதிகாரி எதிரே இருந்த சலூன்காரரைப் பார்த்தார். பேனா காகிதத்துக்கு மேலே தயங்கியது. இருபத்துமூன்று சிவப்புக் கோடுகளைப் பார்த்த பிறகு எந்த மனிதனுக்கும் அந்தத் தயக்கம் வரும்.

"எந்தப் பக்கம்னு நீங்களே வாயால சொல்லிடுங்க" என்றார்.

"ஜன்னல் பக்கம் சார்" என்றார் சலூன்காரர், முப்பது வருஷப் பழக்கத்தில்.

அந்த அறையில் ஜன்னல் அவருக்கு இடது பக்கம் இருந்தது. அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். பேனா இறங்கப் போனது. ரேடியோ மேஜையை நோக்கிப் பாய்ந்தான். அண்ணி பாதி எழுந்துவிட்டாள்.

எழுத்தரம்மா அவர்களை முந்திக்கொண்டார். மேஜையைச் சுற்றி வந்து சலூன்காரருக்குப் பின்னால், அவர் பார்க்கிற திசையையே பார்த்தபடி நின்றார். தன் வலது கையைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு ஒரே ஒரு விரலால் அவர் வலது தோளின் உச்சியில், இரண்டு விரல் மேலே, அழுத்தினார்.

சலூன்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது.

"இதான்" என்றார் அம்மாள். "எழுதுங்க."